குளவியின் வயிற்றுக்குள் யார் குடியிருக்கிறார்கள்? முட்டை முதல் இறகு வரை அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கு ஆயர் ஈத்தாமில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் பின்பக்கம் ஒரு மாமரம் நிற்கிறது. அதில் சுரைக்குடுக்கை அளவில் தொடங்கிய கதண்டுக் கூடு, நாங்கள் கவனிப்பதற்குள் பூசணிக்காய் அளவுக்குப் பருத்துவிட்டது. ஓர் இரவு பொம்பாக்காரர்கள் (தீயணைப்புப் படையினர்) வந்து அதை அழித்தார்கள். மறுநாள் காலை மரத்தடியில் கிடந்த அடைத் துண்டு ஒன்றைக் கையுறை மாட்டிக்கொண்டு எடுத்து வந்தேன். தமிழ்ப்பள்ளியில் 31 ஆண்டுகள் அறிவியல் நடத்தியவளுக்கு இப்படிப்பட்ட பொருளைக் குப்பையில் போட மனம் வராது. ஐந்தடி நடைவழியில் உட்கார்ந்து நான் அதைக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தபோது அக்கம்பக்கத்தார் கேட்டவையும், பிறகு பழைய மாணவர்கள் வாட்சாப்பில் கேட்டவையும்தான் கீழே உள்ள கேள்விகள். பேச்சு எப்படியோ குளவியின் வயிற்றுக்குள் போய் மாட்டிக்கொண்டது. அங்கேயே சில வாரம் இருந்தது.

குளவி, கதண்டு, தெபுவான்: மூன்றும் ஒன்றா?

குளவி என்பது பெரிய குடும்பப் பெயர். இதுவரை பெயரிடப்பட்ட குளவி வகைகள் 100,000-க்கும் மேல். கூட்டமாக வாழ்ந்து, மரநாரை மென்று காகிதக் கூடு கட்டுபவை அவற்றில் சிறுபான்மை. சன்னல் மூலையில் மண்ணை உருட்டி ஒட்டும் மண்குளவி தனியாள். வேறொரு பூச்சியின் உடம்பிலேயே முட்டையிட்டு, அதையே தன் பிள்ளைக்கு வீடும் சோறும் ஆக்கிவிடும் ஒட்டுண்ணிக் குளவிகள்தாம் வகைகளில் மிகுதி. அவற்றில் பல கொசுவைவிடச் சிறியவை.

நாம் கதண்டு என்பதும் மலாய்க்காரர் தெபுவான் என்பதும் கூட்டமாக வாழும் பெரிய குளவிகளை. மாமரத்தில் இருந்தது வெஸ்பா அஃபினிஸ் என்ற வகை: கறுப்பு உடம்பு, வயிற்றின் முன்பாதியில் மட்டும் ஆரஞ்சு மஞ்சள் பட்டை. ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார், கொட்டு வாங்கியவர் கேட்கவே வேண்டாம்.

அம்மியில் அரைக்கும் குழவி வேறு. அதற்குச் சிறப்பு ழகரம். என் மாணவர்கள் பலர் தேர்வுத்தாளில் அம்மிக் குழவிக்கு இறகு முளைக்க வைத்திருக்கிறார்கள்.

இத்தனை சிறிய பூச்சியின் குடலில் கிருமிகள் வாழ்கின்றனவா?

வாழ்கின்றன. பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் முக்கியமானவை. ‘கிருமி’ என்றதும் நோய் என்று நினைக்க வேண்டாம். தோசை மாவைப் புளிக்க வைப்பதும் கிருமிதான். இந்தப் பக்கம் முழுவதும் நுண்ணுயிர் என்றே எழுதுகிறேன்.

மனிதக் குழந்தை பிறந்த நாளிலிருந்து குடலில் நுண்ணுயிர்களைச் சேர்த்துக்கொண்டே வளர்கிறது. குளவி அப்படியல்ல. முட்டை, புழு, கூட்டுப்புழு, இறகு முளைத்த குளவி என்று நான்கு வேடம் போடுகிறது. நடுவில் ஒருமுறை வயிற்றைத் துடைத்துக் காலிசெய்துவிட்டு, புதிதாகக் குடியேற்றம் நடத்துகிறது. குளவியைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த செய்தி இதுதான்.

“கொட்டக் கொட்டக் குளவியாகும்” என்கிறார்களே, அதில் உண்மை உண்டா?

இதைக் கேட்டவர் தண்ணீர்மலைக் கோயிலில் சொற்பொழிவு கேட்டுவிட்டு வந்த பெரியவர். குளவி ஒரு புழுவைப் பிடித்துவந்து மண்கூட்டில் அடைத்துக் கொட்டிக்கொண்டே இருக்கும், அதையே நினைத்து நினைத்துப் புழுவும் குளவியாகிவிடும் என்பது நம்பிக்கை. குருவையே நினைத்திருக்கும் சீடன் குருவாகவே ஆகிறான் என்பதற்கு இதைப் பிரமரகீட நியாயம் என்று எடுத்துக்காட்டுவார்கள்.

கூட்டில் நடப்பது வேறு. தாய்க்குளவி கம்பளிப்பூச்சியையோ சிலந்தியையோ கொட்டி முடக்குகிறது. கொல்வதில்லை, கெடாமல் இருப்பதற்காக. கூடவே தன் முட்டையையும் வைத்து மூடுகிறது. முட்டையிலிருந்து வரும் குளவிப்புழு அந்த இரையைத் தின்று வளர்ந்து, கூட்டைத் துளைத்து வெளியே வருகிறது. வெளியிலிருந்து பார்த்தவருக்கு உள்ளே போனது புழு, வந்தது குளவி. கண்டதைத் தப்பாகச் சொல்லவில்லை, நடுவில் ஒரு முட்டையை மட்டும் காணவில்லை.

பெரியவருக்கு நான் சொன்ன பதில்: கொட்டுவதால் எதுவும் குளவியாவதில்லை. ஆனால் குளவியின் வயிற்றில் யார் குடியிருப்பார்கள் என்பது பெரும்பாலும் ஊட்டுவதைப் பொறுத்தது. கொட்டு அல்ல, ஊட்டு. அவர் சிரித்தார், ஒப்புக்கொள்ளவில்லை.

முட்டையிலேயே நுண்ணுயிர் இருக்குமா?

முட்டைக்குக் குடலே இல்லை, ஆகவே குடல் நுண்ணுயிரும் இல்லை. தாயின் உடம்பிலிருந்து ஓட்டின்மேல் சில ஒட்டிவரலாம். ஆனால் குடலில் அல்லாமல் உயிரணுவுக்குள்ளேயே வாழும் ஒரு பாக்டீரியா, தாயின் கருமுட்டை வழியாகப் பிள்ளைக்குப் போகிறது. பெயர் வோல்பாக்கியா. இந்தப் பெயர் மலேசியர்களுக்குப் புதிதல்ல. கோலாலம்பூர் வட்டாரத்தில் டெங்கியைக் குறைக்க இதே பாக்டீரியாவைச் சுமக்கும் ஏடிஸ் கொசுக்களைத்தான் திறந்துவிட்டார்கள். விட்ட இடங்களில் டெங்கி சுமார் 40 விழுக்காடு குறைந்ததாக 2019-இல் முடிவு வெளியானது.

குளவிகளிடம் வோல்பாக்கியா செய்யும் வேலைகள் இன்னும் விசித்திரமானவை. பூச்சி முட்டைகளுக்குள் முட்டையிடும் டிரைக்கோகிராமா என்ற பொடிக்குளவிகள் சிலவற்றில், அது குடியேறியபின் ஆணே தேவையில்லை. பெண்கள் பெண்களையே பெறுகின்றன. ஆன்டிபயாட்டிக் கொடுத்து அந்தப் பாக்டீரியாவை நீக்கினால் ஆண்குளவிகள் மீண்டும் பிறக்கின்றன. அசோபாரா டாபிடா என்ற மற்றொரு குளவி அதை முற்றாகச் சார்ந்துவிட்டது. வோல்பாக்கியாவை நீக்கினால் பெண்ணுக்கு முட்டையே உருவாவதில்லை என்று 2001-இல் காட்டினார்கள். வாடகைக்கு வந்தவன் வீட்டுப் பத்திரத்தையே கையில் வைத்துக்கொண்ட கதை.

புழு என்ன சாப்பிடுகிறது? அதன் வயிற்றில் யார்?

கதண்டுப் புழு அறுகோண அறைக்குள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டே வளர்கிறது. வேலைக்காரக் கதண்டுகள் ஈ, தேனீ, கம்பளிப்பூச்சி, சந்தையில் மீன் வெட்டும் இடத்துச் சதைத் துணுக்கு என்று எதையும் விடாமல் எடுத்துவந்து, மென்று உருண்டையாக்கி ஊட்டுகின்றன. மெல்லும்போது ஊட்டுபவரின் வாயிலும் இரைப்பையிலும் உள்ளவை சேர்ந்து வருகின்றன. இரையின் குடலில் இருந்தவையும் வருகின்றன. ஆகவே புழுவின் வயிறு அன்றைய சமையலின் சாயல். தேனீக்களை வேட்டையாடும் கூட்டில் தேனீயின் குடல் பாக்டீரியாக்களுக்கு உறவானவை காணப்படுவதில் வியப்பில்லை.

மண்குளவியின் பிள்ளைக்குக் கதை வேறு. அதற்கு ஊட்ட ஆள் இல்லை, அடைத்து வைத்த இரை மட்டுமே. இலை தின்னும் கம்பளிப்பூச்சிகளுக்கு நிலையான குடல் நுண்ணுயிர்க் கூட்டமே கிடையாது, தின்ற இலையோடு வந்தவை அப்படியே வெளியேறிவிடுகின்றன என்று 2017-இல் வந்த ஒரு பெரிய ஆய்வு காட்டியது. கம்பளிப்பூச்சியைத் தின்னும் குளவிப்புழுவுக்குச் சீதனமாக வருபவை அவ்வளவுதான்.

முடங்கிக் கிடக்கும் இரை அழுகிவிடாதா? புழு நோய்ப்படாதா?

மரகதக் குளவி இந்தக் கேள்விக்காகவே பிறந்தது போலிருக்கிறது. பச்சையும் நீலமுமாக மின்னும் இது, நம் சமையலறை ஓடும் பெரிய கரப்பானைத் தேடி வரும். மூளையில் கொட்டி, கரப்பானின் உணர்கொம்பைப் பிடித்து, மாட்டைக் கயிற்றில் நடத்துவதுபோல் வளைக்கு நடத்திச் செல்லும். கரப்பானின் காலில் ஒரு முட்டையை ஒட்டிவிட்டு வாசலை அடைத்துவிடும்.

கரப்பானின் உடம்பு எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டியதில்லை. அதில் செராஷியா போன்ற, குளவிப்புழுவையே கொன்றுவிடக்கூடிய பாக்டீரியாக்கள் உண்டு. புழு உள்ளே நுழைந்ததும் வாயிலிருந்து ஒரு திரவத்தைச் சுரந்து கரப்பானின் உட்புறம் முழுவதும் பூசுகிறது. அந்தத் திரவத்தில் மெலீன், மைக்ரோமோலைடு என்ற இரண்டு நுண்ணுயிர்க்கொல்லிகள் இருப்பதை ஜெர்மானிய ஆய்வாளர்கள் 2013-இல் கண்டுசொன்னார்கள். சாப்பிடுமுன் தட்டைக் கழுவும் பிள்ளை. தட்டுக்குள்ளேயே உட்கார்ந்து கழுவுகிறது என்பதுதான் வேறுபாடு.

தேனீ வேட்டையாடும் ஐரோப்பியக் குளவி ஒன்று இதைத் தாயின் வேலையாக வைத்துக்கொண்டது. தாய் தன் உணர்கொம்புச் சுரப்பிகளில் ஸ்ட்ரெப்டோமைசிஸ் பாக்டீரியாவை வளர்க்கிறது. அதை வெள்ளைப் பசையாகக் குஞ்சறையின் கூரையில் பூசிவிட்டுப் போகிறது. புழு அதை எடுத்துத் தன் பட்டுக்கூட்டில் கலந்து நெய்கிறது. பாக்டீரியா சுரக்கும் ஆன்டிபயாட்டிக்குகள் மாதக்கணக்கில் பூஞ்சையைத் தடுக்கின்றன. குடலோடு தொடர்பில்லாத கதை, ஆனாலும் சொல்லாமல் விட மனமில்லை.

புழு மலம் கழிக்காதா? அறை நாறாதா?

எதிர்வீட்டுப் பையன், ஒன்பது வயது, கேட்டது. இந்தப் பக்கத்திலேயே சிறந்த கேள்வி.

கழிக்காது. புழுப்பருவம் முழுவதும் கழிக்காது. குளவி, தேனீ, எறும்பு இனங்களின் புழுக்களுக்கு நடுக்குடலின் பின்முனை மூடியிருக்கும், பின்குடலுக்கு வழி திறந்திராது. தின்றதில் செரிக்காத எச்சமெல்லாம் ஒரு மெல்லிய சவ்வுப்பைக்குள் சேர்ந்துகொண்டே போகும். கதண்டுப் புழுவின் வெள்ளைத் தோலுக்கு அடியில் கருநிழல் போல் அது தெரியும். சொந்த வீட்டையும், ஒட்டுண்ணியானால் தான் தின்றுகொண்டிருக்கும் உயிருள்ள சோற்றையும், அசுத்தம் செய்யாமலிருக்க இதைவிட எளிய வழி இல்லை.

இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். நம் குடலில் உணவு ஒரு வழியாக வந்து மறுவழியாகப் போகிறது, நுண்ணுயிர்களும் அடித்துக்கொண்டு போகப்படுகின்றன. புழுவின் குடல் முட்டுச்சந்து. உள்ளே வந்தது எதுவும் வெளியே போவதில்லை. செரிமான நீரைத் தாங்கக்கூடியவை தங்கிப் பெருகும், தாங்காதவை அங்கேயே சாகும்.

தோலுரித்துத் தோலுரித்து ஐந்து புழுநிலைகளைக் கடந்து, இனி தின்ன வேண்டியதில்லை என்றதும் புழு பட்டு நூற்று அறைவாயை மூடுகிறது. அப்போதுதான் பின்வழி திறக்கிறது. வாழ்நாள் முழுவதும் சேர்ந்ததை, சவ்வுப்பையோடு ஒரே தடவையில் வெளியேற்றிவிடுகிறது. அறையின் அடிப்பகுதியில் அது கருநிற வில்லையாக ஒட்டி உலர்ந்துபோகும். அடிப்பகுதி என்று சொல்கிறேனே தவிர, கதண்டு அடையில் அறைகள் கீழ்நோக்கித் திறப்பதால் அது உண்மையில் கூரை. பையனுக்கு இதுதான் மிகவும் பிடித்தது: மலத்தைக் கூரையில் ஒட்டும் பூச்சி.

நம் ஊர்களில் காணப்படும் ரோப்பாலிடியா என்ற சிறு காகிதக் குளவிகள் இதையும் சகிக்காது. வேலைக்காரிகள் அறையின் பின்சுவரைக் கடித்துத் துளைத்து, அந்தக் கரிய வில்லையை இழுத்து எறிந்துவிட்டு ஓட்டையை அடைத்துவிடும்.

கூட்டுப்புழுவாக இருக்கும்போது வயிற்றில் என்ன நடக்கிறது?

பழைய குடல் சிதைந்து புதிய குடல் கட்டப்படுகிறது. உட்சுவரின் உயிரணுக்கள் உதிர்ந்து, அவற்றின் இடத்தில் புதியவை எழுகின்றன. வாய் மூடியிருப்பதால் புதிதாக எதுவும் உள்ளே வருவதில்லை. சரக்கை முன்பே கொட்டியாகிவிட்டது. ஆகவே நுண்ணுயிர்களுக்கு இது பஞ்சகாலம். சில மூலைமுடுக்கில் ஒண்டிப் பிழைக்கின்றன, பல ஒழிந்துபோகின்றன.

இதைப் படிப்படியாகப் பார்க்க நாசோனியா என்ற ஒட்டுண்ணிக் குளவி மிகவும் உதவியது. எள்ளளவு உடம்பு, இறைச்சியை மொய்க்கும் ஈக்களின் கூட்டுப்புழுவில் முட்டையிடும், ஆய்வகத்தில் இரண்டு வாரத்தில் ஒரு தலைமுறை. அமெரிக்காவில் புரூக்கர், போர்டன்ஸ்டைன் இருவரும் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், புழுவிலிருந்து முதிர்குளவிவரை நுண்ணுயிர்க் கூட்டத்தின் அளவும் ஆள்களும் மாறிக்கொண்டே போவது தெரிந்தது. இன்னொன்றும் தெரிந்தது. ஒன்றுக்கொன்று நெருங்கிய நாசோனியா இனங்களின் நுண்ணுயிர்க் கூட்டங்களும் நெருங்கியிருந்தன. ஒரே உணவைக் கொடுத்து ஒரே இடத்தில் வளர்த்தும் அப்படி. எல்லாம் ஊட்டுதான் என்று நான் அடித்துச் சொல்லும்போதெல்லாம் இந்த ஆய்வு என் வாயை அடைக்கும்.

இறகு முளைத்து வரும் குளவி எங்கிருந்து மீண்டும் நிரப்பிக்கொள்கிறது?

வீட்டாரிடமிருந்தும் வெளியிலிருந்தும். முதலில் ஓர் உடலமைப்புச் சிக்கலைச் சொல்ல வேண்டும். ‘குளவி இடை’ எவ்வளவு ஒடுக்கம் என்று தெரியும். அந்த இடுக்கின் வழியாகத் திடமான சதை வயிற்றுக்குள் இறங்காது. வளர்ந்த கதண்டு வேட்டையாடும், மெல்லும், ஆனால் விழுங்காது. அதன் ஆகாரம் திரவம் மட்டுமே: பூந்தேன், மரச்சாறு, கனிச்சாறு, பிறகு புழுவின் எச்சில்.

ஆமாம், புழுவின் எச்சில். சதை உருண்டையை வாங்கித் தின்னும் புழு, பதிலுக்கு வாயிலிருந்து ஒரு தெளிந்த துளியைத் தருகிறது. அமினோ அமிலமும் சர்க்கரையும் நிறைந்த துளி. கீழைக் கதண்டு என்ற வகையில் புரதத்தைச் சர்க்கரையாக மாற்றும் திறன் புழுவிடம்தான் இருக்கிறது, வளர்ந்தவற்றிடம் இல்லை என்று 1968-இலேயே இஸ்ரேலிய ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஜப்பானில் பெருங்கதண்டுப் புழுவின் எச்சிலில் உள்ள அமினோ அமிலக் கலவையைப் பின்பற்றி ‘வாம்’ என்ற பெயரில் விளையாட்டு வீரர்களுக்கான பானமே விற்கிறார்கள்.

பிள்ளை தாய்க்கு ஊட்டும் இந்த வீட்டில், கொடுக்கல் வாங்கல் இரு பக்கமும் நடக்கிறது. ஊட்டும் வாயும் வாங்கும் வாயும் ஒன்றே. ஆகவே நேற்றுப் பிறந்த குளவியின் துடைத்த வயிறு சில நாள்களில் வீட்டு வயிறாகிவிடும். அதன்பின் அது பறந்துபோய்ச் செம்படாக், மாம்பழம், குப்பைத்தொட்டி என்று சுற்றிக் கொண்டுவருபவை மேலும் சேரும்.

தேனீயோடு ஒப்பிட்டால் வேறுபாடு புரியும். வேலைக்காரத் தேனீயும் ஏறக்குறைய காலி வயிற்றோடுதான் அறையைவிட்டு வருகிறது. ஆனால் அதில் வந்து குடியேறுபவை உலகம் முழுவதும் ஏறத்தாழ அதே சில பாக்டீரியாக் குடும்பங்கள். குளவிகளில் அத்தகைய கட்டுப்பாடான குடியிருப்பு குறைவு. ஊரைப் பொறுத்து, உணவைப் பொறுத்து மாறுகிறது.

ராணிக்கும் வேலைக்காரிக்கும் ஒரே வயிறுதானா?

இல்லை. ஆசியாவிலிருந்து பிரான்சுக்குக் கப்பல் சரக்கோடு போய், 2004 முதல் ஐரோப்பாவில் பரவிவரும் மஞ்சள்காற் கதண்டை இத்தாலியர்கள் ஆராய்ந்து 2020-இல் வெளியிட்டார்கள். பருவத்துக்குப் பருவமும் குலத்துக்குக் குலமும் நுண்ணுயிர்கள் வேறுபட்டன. வருங்கால ராணி கூட்டிலேயே இருந்து கொழுப்பைச் சேர்க்கிறது, வேலைக்காரி வெளியே அலைகிறது. வேறுபடாமலிருந்தால்தான் வியப்பு.

கள்ளுப்பானையைக் கதண்டு மொய்ப்பது ஏன்?

நிபோங் திபால் பக்கத் தோட்டத்தில் பிறந்த என் தாத்தா, கள் இறக்கும் தென்னையில் ஏறுமுன் கீழிருந்து ஒரு குரல் கொடுப்பாராம், கதண்டு இருந்தால் கலையட்டும் என்று. கதண்டுக்குச் சர்க்கரை வேண்டும். தென்னம்பாளைச் சாறு சர்க்கரை. அது புளிக்கத் தொடங்கியதும் எழும் மணம் ஈஸ்ட் போடும் அழைப்பு.

இதன் மறுபக்கம்தான் சுவையானது. திராட்சை மதுவையும் ரொட்டியையும் பொங்கவைக்கும் சக்காரோமைசிஸ் ஈஸ்ட் காற்றில் தானாகப் பறப்பதில்லை. பழம் கனியாத மாதங்களில் அது எங்கே இருக்கிறது? ஃபுளோரன்ஸ் நகரத்து ஆய்வாளர்கள் 2012-இல் ஒரு விடை தந்தார்கள்: கதண்டுகளின், காகிதக் குளவிகளின் குடலில். இலையுதிர்காலத்தில் பழத்தோடு ஈஸ்ட்டை விழுங்கும் ராணி, அதைக் குளிர்காலம் முழுவதும் வயிற்றில் வைத்திருந்து, வசந்தத்தில் முதல் புழுக்களுக்கு ஊட்டுகையில் அவற்றுக்குக் கடத்துகிறது. அவை வளர்ந்து திராட்சைத் தோட்டத்துக்குப் போகும்போது ஈஸ்ட்டும் போகிறது. 2016-இல் அதே குழுவினர் இன்னொரு படி போனார்கள். காகிதக் குளவியின் குடலுக்குள் ஈஸ்ட்டுகள் இணைசேர்கின்றன. வெளியே அரிதாகச் சேரும் இரண்டு இனங்கள்கூட உள்ளே கலந்து கலப்பினம் ஈன்றன. குளவியின் வயிறு ஈஸ்ட்டுகளுக்குக் கல்யாண மண்டபம்.

நமக்குக் குளிர்காலம் இல்லை. இங்கே ஆண்டு முழுவதும் ஏதாவதொரு பழம் கிடக்கும், ஏதாவதொரு கூடு நடக்கும். ஆகவே இத்தாலியக் கணக்கை அப்படியே பினாங்குக்குப் பொருத்திவிட முடியாது. ஆனால் ஈஸ்ட் வரலாற்றில் நமக்கும் ஒரு நாற்காலி உண்டு. கெப்பாலா பத்தாசுக்குப் பக்கத்தில் பெர்த்தாம் என்றோர் இடம் இருக்கிறதல்லவா? அதே பெயருள்ள காட்டுப்பனையின் பூந்தேன் தானே புளித்து, 3.8 விழுக்காடுவரை மதுச்சாரம் கொண்டதாகிறது. பேராக் காட்டில் மூஞ்சூறு போன்ற ஒரு சிறு மரவிலங்கு இரவுதோறும் அதைக் குடித்தும் தள்ளாடுவதில்லை என்று 2008-இல் எழுதினார்கள். அந்தப் பூந்தேனிலிருந்து எடுத்த சக்காரோமைசிஸ் உலக ஈஸ்ட் வம்சாவளியில் ‘மலேசிய’க் கிளை என்றே தனியாக நிற்கிறது.

கதண்டுக்குப் போதை ஏறுமா என்றும் கேட்டார்கள். கீழைக் கதண்டுக்கு 80 விழுக்காடுவரை மதுச்சாரம் கலந்த சர்க்கரைநீர் கொடுத்தும் நடத்தையிலோ ஆயுளிலோ மாற்றமில்லை என்று 2024-இல் டெல் அவிவ் பல்கலைக்கழகத்தார் அறிவித்தார்கள். மதுச்சாரத்தை உடைக்கும் மரபணு அதற்குப் பல படிகள் உண்டு. ஈஸ்ட்டோடு இத்தனை காலம் குடித்தனம் நடத்தியதன் பலன் என்பது அவர்களின் ஊகம். தாத்தா கேட்டிருந்தால் பொறாமைப்பட்டிருப்பார்.

நுண்ணுயிரே இல்லாமல் குளவியை வளர்க்க முடியுமா?

முடியும். நாசோனியாவை முட்டையிலிருந்தே நுண்ணுயிர் நீக்கி, தூய திரவ உணவில் வளர்க்கிறார்கள். அப்படி வளர்த்தபோதுதான் 2013-இல் பரபரப்பான ஒரு முடிவு வந்தது. இரண்டு நாசோனியா இனங்களைக் கலந்தால், இரண்டாம் தலைமுறை ஆண்களில் சுமார் 90 விழுக்காடு புழுவாக இருக்கும்போதே கறுத்துச் செத்துவிடும். மரபணுக்கள் ஒத்துப்போகாததால் என்றே எல்லாரும் நினைத்திருந்தார்கள். நுண்ணுயிர் இல்லாமல் வளர்த்தால் அதே கலப்பினங்கள் பெரும்பாலும் பிழைத்துக்கொண்டன! பாக்டீரியாவைத் திரும்பக் கொடுத்தால் மறுபடி சாவு. தூய இனப் புழுக்களில் பிராவிடென்சியா ஆட்சி செய்கிறது, கலப்பினத்தில் புரோட்டியஸ் தலையெடுத்துவிடுகிறது.

இதைச் சிலர் ஒப்பவில்லை. கலப்பினத்தின் நோயெதிர்ப்பே பழுது, பாக்டீரியா சந்தர்ப்பத்தைப் பயன்படுத்திக்கொண்டது மட்டுமே என்பது அவர்கள் வாதம். எனக்கு இரண்டும் ஒன்றையொன்று வெட்டுவதாகத் தோன்றவில்லை. கதவு உடைந்தது மரபணுவால், உள்ளே வந்தவன் பாக்டீரியா.

களைக்கொல்லி தெளித்தால் இவை என்ன ஆகும்?

நாசோனியாவுக்கு அட்ராசின் என்ற களைக்கொல்லியைச் சிறிய அளவில் 36 தலைமுறைக்குக் கொடுத்துப் பார்த்து 2020-இல் வெளியிட்டார்கள். முதலில் மாறியது குடல் நுண்ணுயிர்தான். முன்பு அரிதாக இருந்த, அட்ராசினைச் சிதைக்கவல்ல இரண்டு பாக்டீரியாக்கள் பெருகின. குளவிக்கு நஞ்சைத் தாங்கும் சக்தி கூடியது. அந்தப் பாக்டீரியாக்களை வேறு குளவிக்கு மாற்றினால் சக்தியும் மாறியது. அதாவது பூச்சி கற்றுக்கொள்ளுமுன் அதன் வயிறு கற்றுக்கொண்டுவிட்டது.

இதெல்லாம் நமக்கு எதற்கு?

கேமரன் மலைக் கோசு தின்றிருக்கிறீர்களா? கோசை அரிக்கும் வைரமுதுகு அந்துப்பூச்சியை அடக்க 1970களில் டயடெக்மா என்ற ஒட்டுண்ணிக் குளவியை வெளியிலிருந்து கொண்டுவந்து அங்கே விட்டார்கள். இத்தகைய குளவிகளை ஆயிரக்கணக்கில் வளர்த்து விடுபவர்களுக்கு, அவற்றின் வயிறு நலமா என்பது வெறும் ஆர்வம் அல்ல, பிழைப்பு.

கொட்டினால் இந்த நுண்ணுயிர்கள் என் உடம்புக்குள் வருமா?

வராது. கொடுக்கு நச்சுப்பையோடு சேர்ந்தது, குடலோடு அல்ல. உங்களைத் துன்புறுத்துவது நஞ்சு. சுண்ணாம்பு தடவுவது நம் வீட்டுப் பழக்கம், அது நஞ்சை எடுக்காது. மூச்சு முட்டினாலோ, முகம் நாக்கு வீங்கினாலோ உடனே 999-ஐ அழையுங்கள். பல கொட்டுகள் வாங்கியவர் நன்றாக இருப்பதுபோல் தோன்றினாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும், சிறுநீரகம் பிறகு பழுதாகலாம். கூட்டை நீங்களே எரிக்கப் போகாதீர்கள்.

குடலுக்குள் யார் என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

பெரும்பாலான பாக்டீரியாக்கள் ஆய்வகத் தட்டில் வளர மறுப்பவை. ஆகவே குளவியின் குடலைப் பிரித்தெடுத்து, அதில் உள்ள மொத்த டி.என்.ஏ.விலிருந்து எல்லாப் பாக்டீரியாவிடமும் இருக்கும் 16எஸ் என்ற மரபணுவை மட்டும் படியெடுத்துப் படிக்கிறார்கள். ஆளுக்கு ஆள் அதன் எழுத்து சற்று மாறும், அதுவே அடையாள அட்டை.

ஏமாறவும் வழி உண்டு. கூட்டுப்புழுவில் நுண்ணுயிர் மிகக் குறைவு என்பதால் ஆய்வுக்கருவியில் ஒட்டியிருந்த அழுக்குகூடப் பெரிய குடும்பம்போல் தோன்றும். செத்த பாக்டீரியாவின் டி.என்.ஏ.வும் கணக்கில் வரும். இன்னும் வேடிக்கை: இலையின் பசுங்கணிகம் ஆதியில் ஒரு பாக்டீரியாவாக இருந்தது என்பதால் அதனிடமும் 16எஸ் உண்டு. கம்பளிப்பூச்சி தின்ற இலை, கம்பளிப்பூச்சியைத் தின்ற குளவிப்புழுவின் குடலில், பாக்டீரியா வேடத்தில் வந்து உட்கார்ந்திருக்கும். பட்டியல்களைப் படிக்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

வீட்டில் கிடைத்த பழைய கூட்டை நாமே பார்க்கலாமா?

கைவிட்ட கூடு என்று உறுதியானால் பார்க்கலாம். மருந்தடித்த கூடென்றால் கையுறையோடு, பிள்ளைகளைத் தொடவிடாமல். அடையைத் தலைகீழாகத் திருப்பி, காலியான ஓர் அறையைக் கத்தரியால் நெடுக்காக வெட்டுங்கள். அடியில் கரிய வில்லை இருக்கும். கதண்டு ஓர் அறையை மறுபடி பயன்படுத்தும். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு வில்லையை விட்டுப்போவதால், ஊசியால் அடுக்குகளைப் பிரித்து எண்ணினால் அந்த அறையில் எத்தனை பேர் வளர்ந்தார்கள் என்று தெரியும். ஆய்வாளர்களும் இப்படித்தான் எண்ணுகிறார்கள்.

எங்கள் மாமரத்து அடையில் எதிர்வீட்டுப் பையன் ஊசியைக் காட்ட, நான் பிரித்தேன். பெரும்பாலான அறைகளில் ஒன்று. நடு அறை ஒன்றில் இரண்டு அடுக்கு. அதற்குக் கீழே மூன்றாவதாக ஒரு புழு, பட்டு மூடி பாதி நூற்ற நிலையில், செத்திருந்தது. வெள்ளைத் தோலுக்கடியில் அந்தக் கருநிழல் அப்படியே இருந்தது.

“டீச்சரம்மா, இது இன்னும் போகவே இல்லை” என்றான் பையன்.